கக்கலும் வாந்தியும்

பால் குடித்த கைக்குழந்தை ஏப்பத்தோடு சிறிது பாலைக் கக்கிவிட்டுச் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உணவுக்குழலின் அடிவாயை மூடும் தசை இன்னும் உறுதிப்படாததே காரணம். எடை ஒழுங்காக ஏறினால் அச்சமில்லை. "கக்கின பிள்ளை தக்கும்" என்று பாட்டிமார் சொல்வது இதற்குப் பொருந்தும்.

ஆனால் பிறந்து 3 முதல் 6 வாரங்களில், குடித்த பால் ஒவ்வொரு முறையும் பீறிட்டுத் தள்ளிப்போய் விழுந்தால்? உடனே குழந்தை பசித்து அழுதால்? இங்கே கோளாறு இரைப்பையின் கீழ்வாயில். அங்குள்ள வளையத்தசை தடித்து வழியை அடைக்கிறது. எடை குறையும், சிறுநீரும் குறையும். பித்தநீர் சேரும் இடத்துக்கு மேலேயே அடைப்பு இருப்பதால் வாந்தியில் பச்சை நிறம் இராது. (பச்சையாக இருந்தால் அடைப்பு குடலில் இருக்கலாம், அது இன்னும் அவசரம்!) தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

1912-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ராம்ஸ்டெட் வெளியிட்ட முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. உட்சவ்வைத் தொடாமல் தடித்த தசையை மட்டும் நீளவாக்கில் கீறி, கீறலைத் தைக்காமல் விட்டுவிடுவார்கள். ஓரிரு நாளில் குழந்தை வழக்கம்போல் பால் குடிக்கும்.