பழைய சட்டை, புதிய பை: ஊசி நூல் போதும்!

ஆலத்தூர் நாட்டிலிருந்து சந்தைக்குக் கிளம்பும்போது கையில் பை இருக்கிறதா? மறந்துவிட்டால் மிளகாய்க்கு ஒரு கவர், தக்காளிக்கு ஒரு கவர் என்று நாலைந்து கவர் வீட்டுக்கு வந்து சேரும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்கு வரும் எந்தக் கவரும் தானாகக் கீழே இறங்காது. ஓடையில் கிடக்கும், மிளகுத் தோட்டத்தில் கிடக்கும். மாடு தின்றால் வயிற்றிலேயே தங்கிவிடும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. துணிப்பைப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. அந்தப் பையைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும்னு இல்லை. பீரோவில் கிடக்கும் பழைய சட்டையோ, மலிவாக வாங்கிய பழைய துணியோ போதும். தையல் மெஷினும் வேண்டாம்.

துணியைப் பாருங்கள்

முழுக்கை பருத்திச் சட்டை நல்லது. வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் இற்று, சல்லடை போலத் தெரிந்தால் அது பாரம் தாங்காது.

வெட்டித் தையுங்கள்

1. பட்டன்களைப் போட்டுவிட்டு, அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டுங்கள். வளைந்த அடிப்பகுதியையும் நேராக வெட்டிவிடுங்கள்.

2. பட்டன் பட்டியை மேலிருந்து கீழ்வரை தைத்து மூடுங்கள்.

3. உள்பக்கத்தை வெளியே திருப்பி, அடிப்பகுதியை இரண்டு வரிசையாகத் தையுங்கள்.

4. மேல் விளிம்பை இரண்டு முறை மடித்துத் தையுங்கள். பிறகு நேராகத் திருப்புங்கள்.

5. கைகளிலிருந்து 10 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டை வெட்டுங்கள். இரு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் நான்கு மடிப்புக் கைப்பிடி தயார். ஓரத்தைத் தைத்துவிடுங்கள்.

6. கைப்பிடியின் ஒவ்வொரு முனையையும் பைக்குள் 5 செ.மீ. இறக்கி, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு கோடு போடுங்கள்.

பலம் எங்கே இருக்கிறது?

பை பெரும்பாலும் கைப்பிடியில்தான் பிய்யும். சும்மா நூல் ஓட்டிக்கொண்டே போனால், ஒரு இடத்தில் அறுந்தாலும் வரிசை முழுக்கத் தளர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை ஒரு அரிசி நீளம் பின்னால் கொண்டுபோய், முந்தைய தையல் முடிந்த துளையிலேயே குத்துங்கள். அடியில் இரண்டு அரிசி நீளம் தள்ளி மேலே எடுங்கள். இப்படிப் போட்டால் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். அடிப்பகுதிக்கும் கைப்பிடிக்கும் இந்தத் தையல் கட்டாயம். நூலை இரட்டையாக, ஒரு முழத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டால் சிக்கு விழாது.

முடிந்ததும் மூன்று கிலோ அரிசியைப் போட்டு ஆணியில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். தையல் இழுபட்டால் அந்த இடத்தில் இன்னொரு வரிசை போடுங்கள். சந்தையில் பிய்வதைவிட வீட்டில் தெரிவது நல்லதுதானே!

மிச்சத் துணி

பருத்தி மிச்சம் அடுப்படிக் கரித்துணி ஆகும். பாலியஸ்டரை அதற்கு வைக்காதீர்கள், சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். எரிக்கவும் வேண்டாம். குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலரிடம் உலர் குப்பையாகத் தனியாகக் கொடுங்கள்.

கை பழகிய பிறகு தையலைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் பெண்களுக்கு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் உள்ளது. கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்தோர் போன்றவர்களுக்கானது. தகுதியையும் தேவையான சான்றுகளையும் அருகிலுள்ள இ-சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், இந்த வாரம் ஒரு பை தைச்சுப் பாருங்க. அடுத்த சந்தைக்கு அதையே எடுத்துட்டுப் போங்க.