கருணை பழகும் வழி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பௌத்தப் பயிற்சி என்றாலே தலையை மழித்துச் சீவர ஆடை உடுத்தி வீட்டைத் துறப்பதுதான் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பிக்கு, பிக்குணி என்ற துறவியரோடு உபாசகர், உபாசிகை என்ற இல்லறத்தாரும் புத்தரின் நால்வகைச் சீடர்களில் அடக்கம். சாவத்தி நகரில் ஜேதவனம் என்ற சோலையை வாங்கிப் புத்தருக்குத் தந்த அனாதபிண்டிகர் கடைசிவரை இல்லறத்தில்தான் இருந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய இலட்சக்கணக்கானோரும் இல்லறத்தாரே.

தியானம் என்பது மனத்தை வெறுமையாக்குவது அன்று. மூச்சு நீண்டு வந்தால் நீண்டது என்றும், குறுகி வந்தால் குறுகியது என்றும் அறிவதே ஆனாபானசதி. எண்ணம் எங்கோ ஓடிவிட்டால் அதைக் கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி.

கருணை பிறவிக் குணம், பழகி வராது என்பது இவை எல்லாவற்றிலும் கெடுதலான நம்பிக்கை. எத்தனையோ பேரை முயற்சிக்கே வராமல் தடுத்துவிடுகிறது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல், கருணையோடு சேர்ந்த மைத்திரியை, அதாவது எல்லோர் நலத்தையும் விரும்பும் அன்பை, படிப்படியாகப் பழகச் சொல்கிறது. முதலில் தன் நலம். தனக்கு இன்பம் வேண்டியிருப்பதுபோலத்தான் பிறருக்கும் என்பதற்குத் தன் மனமே சாட்சி. ஆகவே இது சுயநலமாகாது. அடுத்து, ஆசிரியரைப் போன்ற மதிப்புக்குரியவர், பிறகு நெருங்கிய நண்பர். அதன்பின் வேண்டியவரும் அல்லாத, வேண்டாதவரும் அல்லாத ஒருவர்: விடியற்காலையில் பால் போட்டுவிட்டுப் போகிறவரைப்போல முகம் தெரிந்து பெயர் தெரியாதவர். பகைவர் கடைசியில்தான். அவரை நினைத்ததும் கோபம் மூண்டால் முந்தைய படிக்கு இறங்கி மீண்டும் தொடங்கலாம்.

பிறர் துன்பத்தில் தானும் கலங்கி உட்கார்ந்துவிடுவது கருணை ஆகாது. கொடுமை கருணைக்கு வெளிப்படையான பகை என்றால், சோகம் அதற்கு அருகிலேயே நிற்கும் பகை என்கிறது அதே நூல். துயரில் மூழ்கியவரால் பிறருக்கு உதவ முடிவதில்லை.

கருணை தியான இருக்கையோடு முடிந்துவிடும் என்பதற்கு துறவியர் ஒழுக்க விதிகளின் தொகுப்பான விநய பிடகமே மறுப்பு. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் கண்டார். அந்தப் பிக்கு யாருக்கும் எதுவும் செய்ததில்லை என்பதால் மற்றவர்கள் அவரைக் கவனிக்கவில்லை. உடன் வந்த சீடர் ஆனந்தர் தண்ணீர் கொண்டுவர, புத்தர் ஊற்றினார், ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவர் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். நோயுற்ற பிக்குவைக் கவனிக்க வேறு எவரும் இல்லையென்றால் துறவியர் கூட்டமான சங்கமே கவனிக்க வேண்டும், தவறினால் குற்றம் என்பது அதன்பின் விதியானது.