கூகுளில் கடையைக் காட்டும் தொழில்: நாம் செய்யலாமா?



"பன்னெண்டாவது, டிகிரி படிச்ச பொண்ணுங்க, மருமகளுங்க வீட்டுல இருக்காங்க. கையில போனும் இருக்கு. அத வச்சே சம்பாதிக்க ஒரு தொழில் சொல்லுங்க" என்று குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தப் பாடம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். கடைசியில் உள்ள கேள்விகளைக் குழுவில் பேசி முடிவெடுங்கள்.

இது என்ன தொழில்?

ஒரு குடும்பம் காரில் ஒகேனக்கல் வருகிறது. பென்னாகரம் தாண்டும்போதே இருட்டிவிட்டது. தங்க ரூம் வேண்டும். முன்பெல்லாம் டீக்கடையில் நிறுத்தி விசாரிப்பார்கள். இப்போது போனில் "ஒகேனக்கல் ரூம்" என்று தேடுகிறார்கள். கூகுள் சில லாட்ஜ்களைக் காட்டுகிறது. போன் நம்பரும் படமும் சரியாக இருக்கிற லாட்ஜைக் கூப்பிடுகிறார்கள். நல்ல ரூம் வைத்திருந்தும் அதில் பெயர் இல்லாதவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவருடைய பெயரைச் சரியாகப் பதிந்து தருவது ஒரு வேலை. தேவைப்பட்டால் விளம்பரம் போட்டுத் தருவது இன்னொரு வேலை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தேடல் விளம்பரத் தொழில்.

இது நம்மால் ஆகுமா என்று தயங்க வேண்டாம். 2015-ல் கூகுளும் டாடா அறக்கட்டளையும் சேர்ந்து 'இன்டர்நெட் சாத்தி' என்ற திட்டத்தைத் தொடங்கின. அதில் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே ஊர் ஊராகப் போய் மற்ற பெண்களுக்கு இணையம் சொல்லிக் கொடுத்தார்கள்.

முதல் வேலை: இலவசப் பதிவு

'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்பது கடைக்கான பதிவு. இதற்குக் கூகுள் ஒரு பைசாகூட வாங்குவதில்லை. கடையின் பெயர், என்ன தொழில், முகவரி, போன் நம்பர், திறக்கும் நேரம், விடுமுறை நாள், நாலைந்து நல்ல படங்கள் ஆகியவற்றைப் பதிய வேண்டும். பிறகு கடை உண்மையானதுதானா என்று கூகுள் சரிபார்க்கும். பல சமயம் வீடியோ கேட்கும். தெரு, கடைப் பலகை, உரிமையாளர் சாவி போட்டு ஷட்டர் திறப்பது எல்லாம் அந்த வீடியோவில் தெரிய வேண்டும்.

முகவரியில் கவனம் தேவை. தெலங்கானாவிலும் கோதாவரிக் கரையில் ஒரு தருமபுரி இருக்கிறது. அதனால் மாவட்டம், மாநிலம், பின்கோடு மூன்றையும் விடாமல் போடுங்கள்.

யாருக்கு இது உதவும்? முன்பின் தெரியாத ஆட்கள் அவசரமாகத் தேடி வருகிற தொழில்களுக்கு உதவும். ஒகேனக்கல் லாட்ஜ், தொப்பூர் பக்கம் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை, ரெக்கவரி வண்டி, போர்வெல் மோட்டார் ரிப்பேர், கல்யாண மண்டபம், பந்தல் வாடகை போன்றவை. ஊர்க்காரர்கள் மட்டும் வாங்குகிற பெட்டிக்கடைக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. அவரிடம் காசு வாங்காதீர்கள்.

இரண்டாவது வேலை: காசு கட்டி விளம்பரம்

இதற்குப் பெயர் 'கூகுள் ஆட்ஸ்'. 2000-ல் 'ஆட்வேர்ட்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. 2018-ல் பெயர் மாறியது. தேடலில் வரும் விளம்பரத்துக்குப் பொதுவாக யாராவது அதைத் தொட்டால்தான் காசு. பார்த்துவிட்டுப் போனால் காசு இல்லை.

ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு ஏலம் நடக்கிறது. பட்டுக்கூடு அங்காடியில் கூட்டின் தரம் பார்த்து விலை கேட்பார்கள் இல்லையா? அதுபோல இங்கேயும் கேட்கிற தொகையோடு விளம்பரத்தின் தரமும் பார்க்கப்படும். தேடியவருக்குப் பொருத்தமான விளம்பரம் என்றால் குறைந்த தொகையிலும் மேலே வரலாம்.

எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் எழுதித் தர வேண்டும். எந்தச் சொல்லுக்கு வரக்கூடாது என்பதையும் எழுத வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். காவிரியில் வெள்ளம் வந்தால் "ஒகேனக்கல் நீர்வரத்து எத்தனை கன அடி" என்று எங்கெங்கோ உள்ளவர்கள் தேடுவார்கள். அவர்களில் சிலர் லாட்ஜ் விளம்பரத்தைத் தொட்டாலும் லாட்ஜ்காரர் காசுதான் கரையும். ரூம் போகாது. எனவே 'நீர்வரத்து', 'கன அடி', 'கூட்டுக் குடிநீர் திட்டம்' போன்ற சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். பரிசல் ஓட்டத் தடை போட்டிருக்கும் நாட்களில் விளம்பரத்தை நிறுத்தி வைப்பது நல்லது. எதை விலக்குவது, எப்போது நிறுத்துவது என்பது இந்த மண்ணில் இருக்கிற நமக்குத்தான் தெரியும். தூரத்து ஊர் கம்பெனிக்குத் தெரியாது.

கணக்குப் பார்ப்போம்

ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று வைத்தால், அதிகம் பேர் தேடும் நாளில் 200 வரை போகலாம். ஆனால் மாதத்துக்கு 3,040 ரூபாயைத் தாண்டாது. இதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், "ஏம்மா, நூறுன்னு சொல்லிட்டு எரநூறு எடுத்திருக்கியே" என்று கேட்பார்.

கணக்குக்காக ஒரு உதாரணம். மாத விளம்பரச் செலவு 3,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதம், 540 ரூபாய். நம் கூலி 500 ரூபாய். மொத்தம் 4,040 ரூபாய். ஒரு தொடுதலுக்கு 10 ரூபாய் என்றால் 300 பேர் தொட்டிருப்பார்கள். அதில் 20 பேர் போன் செய்து 8 பேர் ரூம் எடுத்தார்கள் என்று வைப்போம். ஒரு ரூமுக்குச் செலவு போக 700 ரூபாய் நின்றால் 8 ரூமுக்கு 5,600 ரூபாய். உரிமையாளருக்கு 1,560 ரூபாய் லாபம்.

அடுத்த மாதம் 4 பேர்தான் வந்தார்கள் என்றால் நின்றது 2,800 ரூபாய். 1,240 ரூபாய் நஷ்டம். அந்த மாதமும் 300 பேர் தொட்டிருக்கலாம். "பாருங்கண்ணா, முந்நூறு பேர் பாத்திருக்காங்க" என்று சொல்லி அடுத்த மாதமும் காசு வாங்க முடியும். ஆனால் நாம் அப்படிச் செய்யக்கூடாது. "நஷ்டம் வருதுங்கண்ணா, இப்ப நிறுத்திடலாம், சீசன்ல பாத்துக்கலாம்" என்று நாமே சொல்ல வேண்டும். அந்த மாதம் நமக்கு 500 ரூபாய் போகும். ஆனால் அந்த அண்ணனே நாலு கடைக்காரரிடம் நம்மைப் பற்றிச் சொல்வார்.

இதற்குத் தேவையான கணக்கு எழுதும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் அரசு உதவியுடன் மகளிர் குழுக்கள் 1989-ல் தொடங்கியதே நம் தருமபுரி மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் அதற்கு உதவியது. அன்றிலிருந்து சேமிப்பு, உள்கடன், வட்டி என்று ரொக்கப் புத்தகம் எழுதி வருகிறோம். அதே மாதிரி ஒவ்வொரு கடைக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, விளம்பரச் செலவு, வந்த போன், வந்த வாடிக்கையாளர் என்று நாலு கட்டம் போதும். மாதக் கடைசியில் உரிமையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

இவற்றில் கறாராக இருங்கள்

1. கணக்கு உரிமையாளர் பெயரில், அவர் மெயிலில், அவர் போன் நம்பரில் இருக்கட்டும். நம்மை 'மேனேஜர்' என்று சேர்த்தால் போதும். அவருடைய ஓ.டி.பி.யையோ பாஸ்வேர்டையோ கேட்காதீர்கள்.

2. விளம்பரக் காசை நம் கையில் வாங்க வேண்டாம். அவரே நேராகக் கூகுளுக்குக் கட்டட்டும். நம் கூலிக்கு மட்டும் ரசீது கொடுங்கள்.

3. "முதல் இடத்துக்குக் கொண்டு வர்றோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இலவசப் பதிவில் பொருத்தம், தூரம், கடைக்கு உள்ள பெயர் ஆகியவற்றைப் பார்த்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. காசு கொடுத்து அந்த வரிசையை மாற்ற முடியாது.

4. குழு உறுப்பினர்களை விட்டுப் பொய்யாக ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். பொய் என்று தெரிந்தால் கூகுள் எடுத்துவிடும். கடையின் பெயரும் கெடும். உண்மையாக வந்து போனவரிடம் மட்டும் கேளுங்கள்.

5. "கூகுள்ல இருந்து பேசுறோம், பணம் கட்டலேன்னா உங்க கடைய எடுத்துடுவோம்" என்று போன் வந்தால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் புகார் செய்யச் சொல்லுங்கள். இதைக் கடைக்காரர்களுக்குச் சொல்லி வைப்பதும் நம் சேவைதான்.

எப்படித் தொடங்குவது?

எடுத்ததும் கடன் வாங்கி லேப்டாப் வாங்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் பயிற்சிக்கும் குழுக் கடன் எடுக்க வேண்டாம். இருக்கிற போனில் இலவசப் பதிவில் இருந்து தொடங்குங்கள். முதலில் சொந்தக்காரர் கடை ஒன்றைக் கூலி வாங்காமல் செய்து பழகுங்கள். பிறகு பதிவுக்கு இவ்வளவு, மாதா மாதம் பார்த்துக்கொள்ள இவ்வளவு என்று பேசுங்கள். பதிவுக்கு 500, மாதம் 200 என்று வைத்தால், பத்துக் கடை சேர்ந்தபின் மாதம் 2,000 ரூபாய் வரும். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. தையல், கறவை மாட்டோடு சேர்த்து ஒரு வருமானமாக வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதக் கணக்குச் சரியாக இருந்தால் பிறகு விளம்பர வேலையில் இறங்கலாம்.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் ஊரைச் சுற்றி, வெளியாட்கள் தேடி வருகிற தொழில்கள் எவை? பத்துப் பெயர் எழுதுங்கள்.

2. அந்தப் பத்தையும் போனில் தேடிப் பாருங்கள். எத்தனை வருகிறது? நம்பரும் நேரமும் சரியா?

3. விளம்பரத்தால் நஷ்டம் என்று கணக்கில் தெரிந்தால் உரிமையாளரிடம் எப்படிச் சொல்வீர்கள்? இருவர் நடித்துக் காட்டுங்கள்.

4. இந்த வேலைக்கு யார் யார் தயார்? பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள்.

பெயர் வந்ததும் நாங்கள் உங்கள் ஊருக்கே வந்து முதல் கடையை உங்களோடு உட்கார்ந்து பதிந்து காட்டுகிறோம். வரும்போது போனில் சார்ஜும் கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும்.