இணையத்தில் கூடி உழைப்போம்

முன்னுரை

நம் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர். கடைவீதியில் நாம் காணும் ஒரு சிறு பொம்மைகூட ஒருவரால் மட்டும் உருவானதன்று. ஒருவர் களிமண்ணை அரைத்துக் கரைசலாக்குகிறார். மற்றொருவர் அதனைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரில் மண் படிந்து உருவம் பெறுகிறது. அதைப் பிரித்தெடுத்து, ஓரம் சீவி, காயவைத்து, மெருகு பூசி, சூளையில் சுட்டு எடுப்பதற்குள் பல கைகள் மாறிவிடுகின்றன. இடையில் ஒருவர் அசட்டையாக இருந்தால் அனைவர் உழைப்பும் சூளையில் வெடித்துப் போகும். எழுத்துப் பணியிலும் இவ்வாறு பலர் கூடி உழைக்கலாம். அதற்கு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகள் எவ்வாறு துணை செய்கின்றன என்பதை இங்குக் காண்போம்.

மதுரைத் திட்டம்

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' என்னும் அரும்பணி தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் இதற்குத் தலைமை ஏற்றார். தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி, உலகில் எவரும் விலையின்றிப் படிக்கச் செய்வதே இதன் நோக்கம். சங்கம் வளர்த்த மதுரையின் பெயரே திட்டத்தின் பெயராயிற்று.

பல நாடுகளில் இருந்த தமிழர்கள், தத்தம் வேலை முடிந்த ஓய்வு நேரத்தில், ஊதியம் எதிர்பாராமல் உழைத்தனர். ஒருவர் நூலைத் தட்டெழுதுவார். வேறொருவர் மூலத்துடன் ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். அன்று கூகுள் நிறுவனமே தோன்றவில்லை. மின்னஞ்சலே அவர்களுக்கு வாய்த்த கருவி. அவ்வளவு எளிய கருவியைக் கொண்டே சங்க இலக்கியம் முதல் தற்கால நூல்கள் வரை அடங்கிய பெரிய நூலகம் ஒன்றை அவர்கள் எழுப்பினர். தட்டெழுதியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நூலின் முகப்பில் நன்றியுடன் தனித்தனியே குறிக்கப்படுவது இத்திட்டத்தின் நல்ல வழக்கம்.

தமிழ் விக்கிப்பீடியா

2001இல் ஆங்கிலத்தில் பிறந்த விக்கிப்பீடியா, 2003இல் தமிழிலும் மலர்ந்தது. இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்க காலம் முதல் உழைத்தவர். பலர் சேர்ந்து எழுதியதால் 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது.

இதில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். அப்படியானால் குழப்பம் நேராதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன. 'மணல்தொட்டி' என்னும் பக்கத்தில் புதியவர்கள் எழுதிப் பழகலாம். 'உரையாடல்' பக்கத்தில் கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்க்கலாம். 'வரலாறு' பக்கத்திலோ யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது பதிவாகியிருக்கும். ஒருவர் தவறாக மாற்றினால் பழைய நிலைக்கு மீட்டுவிடலாம். ஆயினும் இன்னும் திருத்தப்படாத பிழைகளும் இருக்கக்கூடும். ஆகவே விக்கிப்பீடியாவில் படித்ததைப் பாடநூலுடனோ வேறு நல்ல நூலுடனோ ஒப்பிட்டுக் கொள்வது அறிவுடைமை.

நம் கைக்கு எட்டும் கருவிகள்

முதலாவது, கூகுள் நாட்காட்டி. தேர்வு நாள், ஒப்படைப்பு நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் உரிய வேளையில் அது நினைவூட்டும். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகே கிடைக்கும் என்னும் நிலை பலருக்கு உண்டு. அத்தகையோர், அன்று செய்ய வேண்டியவற்றை முதலில் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு அமர்ந்தால் கிடைக்கும் அரைமணி நேரமும் வீணாகாது.

இரண்டாவது, கூகுள் ஆவணம். ஐந்து மாணவியர் சேர்ந்து 'நம் ஊர்ப் பீங்கான் தொழில்' என்ற தலைப்பில் செயல்திட்டம் செய்வதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் தனித்தனிப் படி எழுதி அனுப்பினால், எது கடைசித் திருத்தம் என்றே தெரியாமல் போகும். இணைய ஆவணத்தில் இருப்பது ஒரே படி. ஒருத்தி மண்ணைப் பற்றியும், ஒருத்தி அச்சைப் பற்றியும், ஒருத்தி சூளையைப் பற்றியும் எழுதலாம். நான்காமவள் படங்களைச் சேர்க்க, ஐந்தாமவள் பிழை திருத்தலாம். ஆசிரியைக்குக் கருத்துரைக்கும் உரிமை மட்டும் அளித்தால், அவர் ஓரத்தில் குறிப்பு எழுதுவார். திருத்த வேண்டியவர்கள் நீங்களே. தட்டெழுத வராதவர்கள் தமிழில் பேசியே எழுத்தாக்கவும் வழி உண்டு.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பெற்றோர் அறியக் கணக்குத் தொடங்குக. கடவுச்சொல்லை நெருங்கிய தோழிக்கும் சொல்லற்க.

2. ஆவணத்தைப் பகிரும்போது, 'பார்ப்பவர்', 'கருத்துரைப்பவர்', 'திருத்துபவர்' என்னும் மூன்றில் யாருக்கு எது போதும் என எண்ணிப் பார்த்துக் கொடுக்கவும்.

3. முகவரி, தொலைபேசி எண், புகைப்படம் ஆகியவற்றைப் பொது ஆவணங்களில் இடாதீர்கள். இலவசம் என்பதனால் எல்லாம் ஒரே தன்மையன என்று எண்ண வேண்டாம். விக்கிப்பீடியா நன்கொடையால் நடக்கிறது. கூகுள் போன்றவை பெரும்பாலும் விளம்பரத்தால் வருவாய் ஈட்டும் வணிக நிறுவனங்கள்.

4. பிறர் எழுதியதை எடுத்தால் அவர் பெயரைக் குறிப்பிடுக.

உழைப்பில் நேர்மை

மாணவியரே! ஒருத்தி இரவெல்லாம் விழித்து எழுத, நால்வர் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வது கூட்டுப்பணி ஆகாது. எழுதியவளுக்கு அது அநீதி. எழுதாத நால்வருக்கோ கற்கும் வாய்ப்பு இழப்பு. திருத்தும் உரிமை உள்ளவர் ஆவணத்தின் பதிப்பு வரலாற்றைத் திறந்தால் யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பது தெரிந்துவிடும். ஆனால் பிறர் பார்ப்பர் என்னும் அச்சத்தினால் மட்டும் நாம் உழைக்கக் கூடாது. பின்தங்கிய தோழிக்குச் சிறு பகுதியையேனும் கொடுத்து, அவள் எழுதும்வரை காத்திருந்து சேர்த்துக்கொள்வதே மேலானது. நன்றாக எழுதும் ஒருத்தி எல்லாவற்றையும் தானே முடித்துவிடுவதும் ஒருவகையில் பிறர் பங்கைப் பறிப்பதே.

முடிவுரை

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பர். தேரின் வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பவரும் உண்டு, இழுப்பவரும் உண்டு. கருவி எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. காலந்தவறாமையும் பிழை திருத்தும் பொறுமையும் பங்கிட்டு உழைக்கும் நேர்மையும் நாமே கொண்டுவர வேண்டியவை. ஊதியமின்றி உழைத்துத் தமிழுக்கு ஒரு நூலகம் தந்தவர்களைப் போல, நம் ஊரைப் பற்றியும் அதன் தொழிலாளரைப் பற்றியும் ஒரு நல்ல கட்டுரையை நாமும் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியும். இந்த விடுமுறையிலேயே அதனைத் தொடங்குவோமாக!