வீராவோட மலையேறப் போற தம்பிக்கு

தம்பி, தை மாசம் நம்ம நாய் வீராவைக் கூட்டிக்கிட்டு கோத்தகிரி போறேன்னு நீ சொன்னதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். நல்ல மாசமாத்தான் பார்த்திருக்க. அந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலதான் மழை பிடிச்சு அடிக்கும், மண்சரிவு வந்து ரோடு அடைபடும். தை பிறந்துட்டா பாதை காஞ்சிருக்கும், காத்தும் குளுகுளுன்னு இருக்கும். எங்க வேணும்னாலும் போ, எவ்வளவு தூரம் வேணும்னாலும் நட. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் அக்கா பேச்சைத் தட்டாதே. கார்லேர்ந்து இறக்கின நிமிஷத்துலேர்ந்து திரும்ப ஏத்துற வரைக்கும் வீராவோட கயிறு உன் கையிலேயே இருக்கணும்.

நீலகிரியில சிறுத்தைக்கு நாய்னா சுலபமா கிடைக்கிற இரை. வீட்டு வாசல்ல கட்டிப்போட்ட நாயையே ராத்திரியில தூக்கிட்டுப் போயிருக்கு. தேயிலைச் செடி இடுப்பு உயரத்துக்கு நெருக்கமா நிக்கும். அதுக்கு நடுவுல ஒண்ணு படுத்திருந்தா பத்தடி பக்கத்துல போனாலும் நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதைவிட அடிக்கடி எதிர்ப்படுறது காட்டெருமை. நல்லா வளர்ந்த ஆண் ஒரு டன் எடைக்குப் பக்கத்துல வரும். அது பாட்டுக்கு மேய்ஞ்சுக்கிட்டு நிக்கும், நாம ஒதுங்கிப் போனா அதுவும் கண்டுக்காது. ஆனா அவிழ்த்துவிட்ட நாய் குரைச்சுக்கிட்டே கிட்ட ஓடும். எருமை தலையைத் தாழ்த்தித் துரத்த ஆரம்பிச்சதும், பயந்துபோன நாய் எங்கே ஓடிவரும்? நேரா உன்கிட்டதான். கரடி விஷயத்திலயும் இதேதான் நடக்கும்.

வீரா சிப்பிப்பாறை வேற. முயல் பிடிக்கவே வளர்த்த ஜாதி அது. எதிர்ல ஏதாவது ஓடிட்டா அப்புறம் நீ கூப்பிடுற சத்தம் அவன் காதுல விழாது. இந்த ஜாதிக்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. பின்னாடி ஒரு இழு இழுத்தான்னா கழுத்துப் பட்டை காது வழியா கழண்டு கையோட வந்துடும். அதனால மார்பைச் சுத்திப் போடுற ஹார்னஸ் வாங்கு. வயித்துப் பக்கமும் ஒரு வார் இருக்கிறதா பார்த்து வாங்கு. வீட்லயே போட்டுவிட்டு, அவன் முன்னாடி நின்னு கயிறைப் பிடி, அவன் பின்வாங்கட்டும். கழலலைன்னா சரி. வாருக்கு அடியில ரெண்டு விரல் நுழையணும், அதுக்கு மேல இடம் இருக்கக்கூடாது. ஆறடி நீளத்துல சாதாரணக் கயிறு போதும். பொத்தானை அமுக்கினா நீளுற ரீல் கயிறு இறக்கத்துல கையை அறுத்துடும், எடுத்துக்கிட்டுப் போகாதே.

நேரத்தை இப்படி வச்சுக்கோ. காலையில எட்டு மணிக்கு மேல கிளம்பு, சாயங்காலம் அஞ்சுக்குள்ள ரூமுக்குத் திரும்பிடு. விடியக்காலை மூடுபனியும் அந்தி மங்கலும் பார்க்க எவ்வளவு அழகா இருந்தாலும் நாயோட நடக்குற நேரம் அது இல்லை.

தோட்டப் பாதையில போறதுக்கு முன்னாடி எஸ்டேட் மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு, அது அவங்க இடம். கொழுந்து பறிக்கிறவங்க தென்பட்டா தூரத்திலேயே நின்னு, வீராவை உன் காலோட ஒட்டி உட்கார வை. பலருக்கு நாய்னா பயம், சரிவுல கூடையைச் சுமந்துக்கிட்டு நிக்கிறவங்களால சட்டுனு ஒதுங்கவும் முடியாது. அப்புறம், "அக்கா, மேல ஏதாச்சும் நிக்குதாங்க?"ன்னு கேளு. காலையில எந்தப் பக்கம் எருமை மேய்ஞ்சது, எந்த ஓடையில கரடி இறங்குச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். "இன்னிக்கு வேண்டாம் தம்பி"ன்னு சொன்னா அப்படியே திரும்பிடு, இன்னும் கொஞ்ச தூரம்னு ஏறாதே.

லாங்வுட் சோலை கோத்தகிரிக்குப் பக்கத்துலயே இருக்கு, ரொம்ப அழகான இடம். அங்கே நீ மட்டும், அனுமதி வாங்கிக்கிட்டுப் போயிட்டு வா. காப்புக்காடு, சரணாலயம் எதுக்குள்ளேயும் வீராவைக் கூட்டிட்டுப் போகாதே. நம்ம நாய்கிட்டேர்ந்து டிஸ்டெம்பர், வெறிநோய் ரெண்டுமே செந்நாய்க்குத் தொத்தும். 2018-ல கிர் காட்டுல வரிசையா சிங்கங்கள் செத்துச்சே, அதுல டிஸ்டெம்பர் வைரஸைக் கண்டுபிடிச்சாங்க. நடக்குற பாதையில அவன் போற மலத்தையும் அப்படியே விட்டுட்டு வராதே, காகிதப் பையில எடுத்துக்கோ.

இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல, தினமும் நாகமலை அடிவாரத்துல சரளை மண்ணுல நடக்க விடு. மொசைக் தரையில படுத்துப் பழகின பாதம் மெத்துன்னு இருக்கும், மலைக் கல்லுல ஒரே நாள்ல தோல் உரிஞ்சுடும். நகத்தையும் வெட்டிவிடு. இறங்கும்போது பாரமெல்லாம் முன்னங்கால்லதான் விழும், நீண்ட நகம் கல்லுல மாட்டிப் பிளந்துக்கும். பக்கத்து வீட்டுப் பையன் அவனோட பக் நாய்க்குட்டியையும் கூட்டிட்டு வர்றேன்னானாமே, வேண்டாம்னு சொல்லிடு. மூக்கு சப்பையான நாய்க்கு ஏத்தத்துல மூச்சு போதாது. வளர்ற குட்டிக்கு மூட்டும் இன்னும் உறுதிப்பட்டிருக்காது.

நாய் களைச்சுப்போச்சுன்னா உட்கார்ந்துடும்னு நினைச்சுக்காதே. வீரா மாதிரி பாசக்காரன் விழுற வரைக்கும் உன் பின்னாடியே வருவான். அவனுக்கும் சேர்த்து நீதான் முடிவெடுக்கணும். நாக்கு அகலமா தட்டையா வெளிய தொங்குதா, எச்சில் கெட்டியா நூல் நூலா வடியுதா, ஈறு செக்கச்செவேல்னு இருக்கா, நடை தள்ளாடுதான்னு பாரு. குளிர்ப் பிரதேசம்னு அசால்ட்டா இருக்காதே, பதினொரு மணி வெயில் அங்கேயும் சுள்ளுன்னு அடிக்கும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் சாதாரணத் தண்ணியை ஊத்தி விசிறு. ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதே, சூடு உள்ளேயே அடைபட்டுடும். தள்ளாட்டம் இருந்தா தண்ணி ஊத்திக்கிட்டே டாக்டர்கிட்ட கொண்டு ஓடு. கோத்தகிரி போய்ச் சேர்ந்ததும் கால்நடை மருத்துவமனை எங்க இருக்கு, எத்தனை மணி வரைக்கும்னு முதல் வேலையா விசாரிச்சு வச்சுக்கோ.

இருபது கிலோ நாய்க்கு சும்மா இருக்கிற நாள்லயே ஒரு லிட்டர் தண்ணி வேணும். ஏறி இறங்குற நாள்ல அவனுக்குன்னு ரெண்டு லிட்டர் தனியா எடுத்துக்கோ. எவர்சில்வர் பாட்டில்ல எடு, நீலகிரியில பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. ஓடைத் தண்ணியைக் குடிக்க விடாதே. தோட்டத்துல அடிக்கிற மருந்து அதுலதான் கலக்கும், எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். வெறிநோய் ஊசியோட லெப்டோ ஊசியும் போட்டாச்சான்னு அட்டையில பாரு, அந்த அட்டையையும் கையோட கொண்டுபோ. மேட்டுப்பாளையத்துல மலை ஏறுறதுக்கு மூணு மணி நேரத்துக்கு முன்னாடியே சாப்பாட்டை நிறுத்திடு, கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுப்பான். வண்டிக்கு இ-பாஸையும் மறக்காம எடுத்துடு.

ரூமுக்கு வந்ததும் படுக்க விடாம, வெளிச்சத்துல வச்சு உண்ணி பாரு. காது மடிப்பை விரிச்சுப் பாரு. கழுத்துல ஹார்னஸ் உரசுற இடம், அக்குள், வால் அடி, ஒவ்வொரு விரல் இடுக்கும் தடவிப் பாரு. மிளகு அளவுல ஏதாச்சும் நிரடினா, மயிரை விலக்கி, இடுக்கியைத் தோலை ஒட்டி வச்சு நிதானமா நேரா இழு. வயித்தைப் பிடிச்சு நசுக்காதே, தீக்குச்சியால சுடாதே.

வீட்டுக்கு வந்த பிறகும் மூணு வாரம் அவன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்குல ரத்தம் வந்தாலோ உடனே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லு. மலைக்குப் போயிட்டு வந்ததையும், எத்தனை உண்ணி எடுத்தேங்கிறதையும் டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடு.