மீண்டும் விமானி இருக்கையில்: போர் விமான சிமுலேட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

டாக்குரியா ஏரிக்கரையில் மாலை நடை பயில்வோரில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், மைதானத்தை ஊடறுத்துச் செல்லும் ரெட் ரோடு, இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களின் ஓடுதளமாக விளங்கியது. 1942-43 காலத்தில் ஹரிக்கேன் விமானங்கள் அச்சாலையிலிருந்தே எழும்பின. 1942 டிசம்பர் 20-ஆம் நாள் இரவு கொல்கத்தாவின்மீது ஜப்பானியக் குண்டுவீச்சு தொடங்கியது. 1943 ஜனவரி 15-ஆம் நாள் இரவில், ரேடார் பொருத்திய பியூஃபைட்டர் விமானத்தில் சென்ற பிரிங் என்னும் விமானி, மூன்று குண்டுவீச்சு விமானங்களைச் சில நிமிடங்களுக்குள் வீழ்த்தினார்.

டாக்குரியாவில் வாழும் நமக்கு இந்த வரலாற்றின்மீது ஈர்ப்பு ஏற்பட்டது இளமையில் கணினித் திரையின் முன்புதான். 1998-இல் மைக்ரோசாஃப்ட் காம்பாட் ஃப்ளைட் சிமுலேட்டரும் ஃபால்கன் 4.0-வும் வந்தன, 2001-இல் ஐ.எல்.-2 ஸ்டர்மோவிக் வந்தது. அக்காலத்தில் இரவெல்லாம் பறந்தவர்கள், பின்னர் வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஜாய்ஸ்டிக்கைப் பரணில் போட்டுவிட்டோம். இப்போது சற்று ஓய்வு வாய்த்து, அப்பொழுதுபோக்கிற்குத் திரும்ப விரும்புவோருக்காக இப்பாடத்தை எழுதுகின்றோம்.

நாம் செய்த பிழை

முதலில் நம் பிழையைச் சொல்லிவிடுவது முறை. பரணிலிருந்து இறக்கிய பழைய ஜாய்ஸ்டிக்கின் இணைப்பு முனை பதினைந்து ஊசிகள் கொண்டது. இன்றைய கணினிகளில் அதற்குரிய துளையே இல்லை. எனவே புதியதை வாங்கப் புகுந்தோம். புகுந்தவர்கள், உந்துவிசைப் பிடியுடன் கூடிய விலையுயர்ந்த தொகுப்பையும், நவீன ஜெட் விமானம் ஒன்றையும், அது பறப்பதற்கான நிலப்பரப்பு ஒன்றையும் ஒரே வாரத்தில் வாங்கிவிட்டோம். இயந்திரத்தை முடுக்கக் கற்பதற்கே பல மாலைகள் சென்றன. வேலைப் பளுவால் இரண்டு வாரம் இடைவெளி விழுந்தது. திரும்பி வந்தபோது கற்றதெல்லாம் மறந்திருந்தது. இரண்டே மாதங்களில் கருவிகள்மீது தூசி படிந்தது. மென்பொருளிலோ கருவியிலோ குறையில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு நம்மிடமிருந்த ஓய்வு நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்றைய ஊதியத்தைக் கொண்டு வாங்கியதுதான் பிழை.

ஆகவே, எது மிக உண்மையானது என்று கேட்பதற்கு முன், வாரத்திற்கு எத்தனை மணி நேரம் நம்மால் இடைவிடாது ஒதுக்க இயலும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தேர்வு அந்த விடையைப் பொறுத்ததே.

நேரத்திற்கேற்ற தேர்வு

வாரத்திற்கு ஓரிரு மணி நேரமே கிடைப்பவர்கள், பழகியதிலிருந்தே தொடங்கலாம். பழைய ஐ.எல்.-2 வரிசையின் தொகுப்பான 'ஐ.எல்.-2: 1946' என்பது 2006-இல் வெளிவந்தது. சாதாரணக் கணினியிலும் இயங்கும், விலையும் குறைவு, கைகள் மறந்ததை மீட்டுத் தரும். வார் தண்டர் என்பது இலவசமாகக் கிடைப்பது. எளிய நிலை, நடுத்தர நிலை, சிமுலேட்டர் நிலை என மூன்று வகைகளில் ஆடலாம். ஆனால் அதில் முன்னேற்றத்தை விரைவுபடுத்தப் பணம் செலுத்தும் வாய்ப்பு அடிக்கடி கண்முன் வந்து நிற்கும். சிறு சிறு தொகையாகச் செல்வதால் கணக்கு தெரியாது. எனவே மாத வரம்பு ஒன்றை முன்னதாகவே வகுத்துக்கொள்க.

வாரத்திற்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம் உள்ளவர்களுக்கு 'ஐ.எல்.-2 கிரேட் பேட்டில்ஸ்' வரிசை பொருந்தும். இதன் முதல் பகுதியான ஸ்டாலின்கிராட் 2014-இல் வெளியானது. காற்றின் பிடியையும் விமானத்தின் எடையையும் கைகளால் உணரச் செய்வதில் இது சிறந்தது. ஆனால் ஒவ்வொரு விசையையும் தனித்தனியே இயக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இயந்திரத்தை ஒரே பொத்தானில் முடுக்கிவிட்டுப் பறக்கத் தொடங்கலாம். ஒரு தொகுதியை வாங்கினால் பல விமானங்கள் சேர்ந்தே கிடைக்கும். ரெட் ரோட்டின் நினைவால் ஹரிக்கேனை நாடுவோர், அதன் இரண்டாம் வகையை இவ்வரிசையில் தனியாக வாங்கலாம். வங்காளத்தின் வானம் இதில் இல்லை. ஐரோப்பியப் போர்க்களங்களே உள்ளன.

வாரத்திற்கு ஆறு மணி நேரத்திற்கு மேல், அதுவும் இடைவெளியின்றி ஒதுக்க இயலுமாயின், முழு அமைப்பையும் கற்பிக்கும் மென்பொருள்களுக்குச் செல்லலாம். டி.சி.எஸ். வேர்ல்ட் அவற்றுள் முதன்மையானது. விமானி அறையின் விசைகளைச் சுட்டியால் ஒவ்வொன்றாக இயக்கலாம். நம் விமானப் படையில் 1963 முதல் 2025 செப்டம்பர் வரை பணியாற்றி விடைபெற்ற மிக்-21-இன் 'பிஸ்' வகையும் இதில் உண்டு. மற்றொன்று ஃபால்கன் பி.எம்.எஸ். இது எஃப்-16 விமானத்தை மையமாகக் கொண்டது. ஆர்வலர்கள் பல்லாண்டுகளாக வளர்த்துவரும் இலவச மென்பொருள். பழைய ஃபால்கன் 4.0-வின் முறையான பிரதி மட்டும் இருத்தல் வேண்டும். நாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தானே நகர்ந்துகொண்டிருக்கும் போர்க்களம் இதன் தனிச்சிறப்பு.

ஒரு சிலர் உண்மையில் விரும்புவது போரை அன்று. தம் ஊரை மேலிருந்து காண்பதையே. அவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போதும். அதில் உலகம் முழுவதும் உள்ளது. டம் டம்மிலிருந்து எழும்பி டாக்குரியா ஏரியைச் சுற்றி வரலாம். ஆயுதங்கள் மட்டும் இல்லை.

வாங்குவதற்கு முன் சோதித்தல்

இத்துறையில் வாங்குவோருக்குச் சாதகமான வசதிகள் பல உள்ளன. நாம் அவற்றைப் பயன்படுத்தத் தவறினோம். டி.சி.எஸ். வேர்ல்டின் அடிப்படை இலவசம். அதனுடன் சு-25டி தாக்குதல் விமானமும், ஆயுதமற்ற மஸ்டாங் பயிற்சி விமானமும், காக்கசஸ் நிலப்பரப்பும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மஸ்டாங்கின் விமானி அறையில் விசைகளை இயக்கிப் பார்த்தாலே, இவ்வகைக் கற்றல் நம் இயல்புக்கு உகந்ததா என்பது விளங்கிவிடும். மேலும், அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்தின் வழியே நிறுவினால், பெரும்பாலான விமானங்களை இரண்டு வாரம் இலவசமாகச் சோதிக்கலாம். ஸ்டீம் விற்பனைத் தளத்தில் வாங்கியது பிடிக்கவில்லையெனில், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கோரலாம்.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது விமானத்தின் விலையை மட்டும் பார்த்தல் கூடாது. அது பறக்கும் நிலப்பரப்பும், சில சமயம் எதிரிப் படைகளின் தொகுப்பும் தனி விலையாக இருக்கும். மூன்றையும் கூட்டினால் வருவதே உண்மை விலை. இவை ஆண்டில் பலமுறை தள்ளுபடிக்கு வருவதால், காத்திருப்பவருக்கு இழப்பில்லை.

கருவிகள்: எது முன், எது பின்

கையில் உள்ள கணினியைக் கொண்டே தொடங்குக. முதற்செலவு, பிடியைத் திருகினால் சுக்கான் இயங்கும் எளிய யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக்காக இருக்கட்டும். அடுத்து வேண்டுவது தலையசைவைத் திரைக்குக் கொண்டுசெல்லும் வசதி. வான்போரில் எதிரியைக் கண்ணைவிட்டு அகலாமல் வைத்திருப்பதே பாதி வெற்றி. இதற்கு விலையுயர்ந்த கருவி உடனே வேண்டியதில்லை. ஓபன்டிராக் என்னும் இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமராவைக் கொண்டே இதைச் செய்கிறது. தனி உந்துவிசைப் பிடி, கால் மிதிகள் ஆகியவை பழக்கம் நிலைபெற்ற பின் வரலாம். புதிய கிராஃபிக்ஸ் அட்டையும் வி.ஆர். கண்ணாடியும் இறுதியில் எண்ண வேண்டியவை. அவையே மிகுந்த செலவு வைப்பவை. பெரிய மென்பொருள்கள் வட்டில் மிகுந்த இடம் கொள்வதால், எஸ்.எஸ்.டி. வட்டில் எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்க.

பணம் செலுத்தும்போது

ஸ்டீம் தளத்தில் விலை ரூபாயில் உள்ளது, யு.பி.ஐ. வழியாகவும் செலுத்தலாம். அயல்நாட்டுத் தளத்தில் டாலரில் வாங்கினால், அட்டையின் அயல்நாட்டுப் பரிவர்த்தனை வசதியை நீங்களே இயக்க வேண்டியிருக்கலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் 1 முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் தொடக்கத்தில் உள்நாட்டு ஏ.டி.எம்.களிலும் கடைக் கருவிகளிலும் மட்டுமே செயல்படும். வங்கிச் செயலியில் அவ்வசதியை இயக்கி, வாங்கவுள்ள தொகையை ஒட்டி வரம்பு வைத்து, வாங்கி முடிந்ததும் நிறுத்திவிடுவது நல்ல பழக்கம். அயல்நாட்டு நாணய மாற்றுக் கட்டணமும் அதன்மீதான ஜி.எஸ்.டி.யும் சேரக்கூடும் என்பதையும் கணக்கிற் கொள்க.

முன்பின் அறியாதவரிடம் பாதி விலைக்குக் கணக்கையோ உரிமக் குறியீட்டையோ வாங்குதல் வேண்டா. ஒரு நாள் அது முடக்கப்பட்டால் முறையிட வழியிராது. கருவிகளைத் தவணையில் வாங்குவோர், 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தைக் கண்டதும், அதே பொருளை முழுப்பணம் செலுத்தி வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடியையும், தவணைக்குரிய செயலாக்கக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. நிலைபெறாத பழக்கத்திற்காக நிலையான தவணையை ஏற்பது அறிவுடைமை ஆகாது. நாம் அப்பாடத்தைத் தவணை கட்டியே கற்றோம்.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம் இலவசமாகக் கிடைப்பதை மட்டும், கையில் உள்ள கருவியைக் கொண்டு ஆடுக. இரண்டாம் வாரம் எளிய ஜாய்ஸ்டிக் ஒன்றுடன் எழும்புதலையும் தரையிறங்குதலையும் மட்டும் பழகுக. மூன்றாம் வாரம் விரும்பிய விமானத்தைச் சோதனைக் காலத்தில் இயக்கிப் பார்க்க. நான்காம் வார இறுதியில், ஒவ்வொரு வாரமும் உண்மையில் எத்தனை மணி நேரம் அமர்ந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுக. அந்த எண் காட்டும் மென்பொருளை, ஒரே ஒரு விமானத்துடன் வாங்குக.

நாமும் தூசி தட்டிய பிறகு இம்முறையையே பின்பற்றினோம். வாரத்திற்கு மூன்று மணி நேரம்தான் நம்மால் இயன்றது. நவீன ஜெட் விமானம் வட்டிலேயே உறங்குகிறது. ஞாயிறு மாலைகளில் ஹரிக்கேன் பறக்கிறது.