பூவன் இலையில் எதைத் தேடுவது?

அன்புள்ள தங்கைக்கு,

உயிர்த்தொழில்நுட்பம் படித்துவிட்டு, உத்தமபாளையம் பக்கம் திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளைச் சோதிக்கும் வேலைக்கு வருகிறாய். நல்ல இடம்தான். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் எட்டும் இடமெல்லாம் வாழை நிற்கிறது. டிஷ்யூ கன்று என்றால் என்னவென்று இங்கே எந்த விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை. உனக்குத்தான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. டிஎன்ஏதான் உயிரின் மூலம், ஆர்என்ஏ வெறும் தூதன் என்று படித்திருப்பாய். தேர்வுக்கு அது போதும். சோதனை மேசையில் அதை மட்டும் நம்பினால் நல்ல கன்றைத் தள்ளிவிட்டு, நோய்க்கன்றை வயலுக்கு அனுப்பிவிடுவாய்.

வாழையின் வேர், இலை, பூ, காய் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. ஜி-9 ரகம் என்றால் 11 குரோமோசோம்கள் மும்மடங்காக, மொத்தம் 33. 2012-இல் வாழையின் மரபணுத்தொகுதி முதன்முதலாக வெளியானபோது 36,000-க்கு மேற்பட்ட மரபணுக்கள் கணக்கில் வந்தன. அத்தனையும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. பச்சையாக லாரி ஏறிய தார், பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன் பட்டதும் மஞ்சளாகிறது. அதற்காக டிஎன்ஏவில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. மாவைச் சர்க்கரையாக்கவும் தசையை இளக்கவும் வேண்டிய நொதிகளின் மரபணுக்களிலிருந்து ஆர்என்ஏ படிகள் பெருகுகின்றன, அவ்வளவுதான். பதிவு அலுவலகத்தில் மூல ஆவணம் எத்தனை வருடமும் சும்மா கிடக்கும். யாரோ நகல் வாங்கும்போதுதான் அந்த நிலத்தில் ஏதோ நடக்கிறது என்று தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்பதை டிஎன்ஏ சொல்லும். இப்போது என்ன நடக்கிறது என்பதை ஆர்என்ஏவிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை என்பதற்குப் பூவன் வாழையே சாட்சி. இலையில் மஞ்சள் கீற்றுகள் ஓடவைக்கும் கீற்று வைரஸின் மரபுப்பொருள் டிஎன்ஏ. பல்பிசியானா என்ற காட்டு வாழையின் குரோமோசோம்களுக்குள் இந்த வைரஸின் துண்டுகள் எப்போதோ நுழைந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. பூவன் அந்தக் காட்டு வாழையின் பங்கும் கொண்ட கலப்பு ரகம். ஆகவே நோயே இல்லாத பூவன் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து நேரடியாக பிசிஆர் செய்தாலும் ‘வைரஸ் உண்டு’ என்று பட்டை விழக்கூடும். விழுந்தது வாழையின் சொந்த டிஎன்ஏ. அதை நோய் என்று எழுதினால் நல்ல தாய்க்கன்றைக் குப்பையில் போடுகிறாய். ஆனால் அந்தத் துண்டுகள் எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. திசு வளர்ப்பே அவற்றில் சிலவற்றை எழுப்பிவிடுவது கலப்பு ரகங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. எழும்போது முதலில் நீளமான ஓர் ஆர்என்ஏ படி உருவாகிறது. அதிலிருந்து மறுபடி டிஎன்ஏ எழுதப்பட்டு வைரஸ் துகள் தயாராகிறது. ஆகவே வைரஸ் துகளை எதிர்ப்புரதத்தால் பிடித்து, செடியின் டிஎன்ஏவைக் கழுவி நீக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும். அல்லது அந்த ஆர்என்ஏ ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பூமடல் தேமல் வைரஸுக்கும் வெள்ளரித் தேமல் வைரஸுக்கும் டிஎன்ஏ கிடையவே கிடையாது. அவற்றின் மரபுப்பொருளே ஆர்என்ஏ. மலையில் ஏலக்காயைக் கெடுக்கும் தேமல் நோயின் வைரஸும் அந்த வகைதான். இலை முழுக்க வைரஸ் நிறைந்திருந்தாலும் டிஎன்ஏ சோதனைக்கு அது தெரியாது. முதலில் ஆர்என்ஏவை டிஎன்ஏ படியாக மாற்ற வேண்டும். அதற்கான நொதியை 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். தகவல் டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏவுக்கு மட்டுமே போகும் என்ற எண்ணம் அன்றோடு உடைந்தது.

“இங்கே பெரும்பாலும் ஜி-9, அதில் பல்பிசியானா பங்கு இல்லையே” என்று நீ கேட்கலாம். சரிதான், கீற்று வைரஸ் குழப்பம் அதில் இல்லை. விருப்பாட்சி மலைவாழையைப் பெருமளவு அழித்த முடிக்கொத்து நோயும் டிஎன்ஏ வைரஸால் வருவதே. அதற்கு நேரடி பிசிஆர் போதும். ஆனால் தேமல் வைரஸ்கள் ஜி-9-ஐ விட்டுவைப்பதில்லை. “அனுபவசாலியின் கண்ணே போதும்” என்பார்கள். கண்ணுக்கு அறிகுறி வெளிப்பட்ட பிறகுதான் தெரியும். குடுவைக்குள் இருக்கும் தளிரில் எந்தக் கண்ணும் எதையும் பார்க்காது. மற்ற ஆட்சேபம் செலவு. ஆர்என்ஏ சோதனைக்குக் கூடுதல் பணமும் நேரமும் பிடிப்பது உண்மை. ஒரு தாய்க்கன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகள் இறங்கும் தொழிலில், அந்த ஒன்றில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சிக்கனமாகத் தெரியவில்லை. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் கொண்டுவந்த சான்றளிப்பு முறை வைரஸ் சோதனையைக் கட்டாயமாக்கியதும் இதனால்தான்.

ஆர்என்ஏ லேசில் உடையும். அதன் சர்க்கரையில் டிஎன்ஏவில் இல்லாத ஓர் ஆக்சிஜன் இருக்கிறது. சங்கிலி அறுந்துபோக அது வழிசெய்கிறது. சொல்லி முடித்த ஆணை செல்லுக்குள் நீடிக்காமல் இருக்க அது நல்லது, சோதிப்பவருக்குத்தான் தொல்லை. உன் விரல் வியர்வையில் உள்ள நொதியே அதைத் தின்றுவிடும். அந்த நொதி கொதிக்கவைத்தாலும் எளிதில் சாகாது. போதாததற்கு வாழை இலையின் பாலும் கறையும். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் பையில் கட்டிவந்த இலையை வாங்காதே, பனிக்கட்டியில் வந்ததை வாங்கு. ஒவ்வொரு மாதிரியிலும் வாழையின் சொந்த ஆர்என்ஏ ஒன்றையும் சேர்த்துச் சோதி. அதுவே தென்படாவிட்டால் ‘வைரஸ் தென்படவில்லை’ என்பதற்கு அர்த்தமில்லை. ஆர்என்ஏ வழியிலேயே செத்திருக்கிறது. ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் நொதி சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டு. அதிலும் பட்டை விழுந்தால் நீ பார்ப்பது மிச்சமிருக்கும் டிஎன்ஏ.

அறிக்கையில் ‘வைரஸ் இல்லை’ என்று ஒருபோதும் எழுதாதே. எந்த மாதிரியில், எந்தத் தேதியில், எந்தெந்த வைரஸை, டிஎன்ஏவிலா ஆர்என்ஏவிலா தேடினாய், எது தென்படவில்லை என்று எழுது. அரைப் பக்கம் கூடும், கூடட்டும். கன்று வாங்குகிறவருக்குப் புரியும் தமிழிலேயே எழுது.